ஆவணங்களும் அமானிதமே: ரார் ஃபைலை ஜிப்பாக மாற்றும் முன்…

(கல்வி உதவி விண்ணப்ப வழிகாட்டி முகாமில் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)





கல்வி உதவி கேட்டு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியல், ஆதார், வருமானச் சான்று, வங்கி பாஸ்புக் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரே ஜிப் ஃபைலாக அனுப்பச் சொல்கிறோம். கம்ப்யூட்டர் சென்டரில் சிலருக்கு அதை ரார் ஃபைலாகவோ செவன்-இசட் ஃபைலாகவோ போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். உடனே பிள்ளைகள் கூகுளில் தேடி, இலவசமாக மாற்றித் தரும் ஏதோ ஓர் இணையதளத்தில் அதை ஏற்றுகிறார்கள். அரை நிமிடத்தில் ஜிப் கைக்கு வந்துவிடுகிறது.

அந்த அரை நிமிடத்தில் நடந்தது என்ன? நம் குடும்பத்தின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் முகம் தெரியாத ஒருவருடைய கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. "சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம்" என்று அந்தத் தளத்தில் எழுதியிருக்கலாம். அழித்தார்களா என்று பார்க்க நமக்கு வழியில்லை. முகவரியில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று கேட்கலாம். போகும் வழியில் யாரும் எடுக்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் நம்பிக்கையானவர் என்பதற்கு அது சான்றல்ல.

இது வீண் பயமும் அல்ல. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகம் இதுபற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. ஃபைல் மாற்றித் தருவதாகச் சொல்லும் சில இலவசத் தளங்கள், மாற்றிய ஃபைலோடு வைரஸையும் அனுப்புகின்றன. ஏற்றிய ஃபைலில் உள்ள அடையாள எண்கள், வங்கி விவரங்கள், கடவுச்சொற்களையும் உருவி எடுக்கின்றன என்று அது கூறியது.

மாற்றுவது என்றால் என்ன என்று புரிந்துகொண்டால் இந்தத் தளங்களே தேவைப்படாது. ஜிப் என்பது 1989-இல் ஃபில் காட்ஸ் கொண்டுவந்த முறை. ரார் என்பது யூஜீன் ரோஷல் 1993-இல் உருவாக்கியது. இரண்டும் பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும் வெவ்வேறு முறைகள். ஒரு மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருப்பதை வேறு முறையில் மறுபடி கட்டுவதுதான் மாற்றுவது. பெயரின் கடைசியில் உள்ள 'ரார்' என்பதை 'ஜிப்' என்று திருத்தினால் மட்டும் மாறிவிடாது. உள்ளே இருப்பது பழைய மூட்டைதான்.

இந்த வேலையை நம் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். இணையமும் வேண்டாம். 2023-க்குப் பிறகு அப்டேட் செய்யப்பட்ட விண்டோஸ் 11, ரார், செவன்-இசட் ஃபைல்களைத் தானாகவே திறக்கும். பழைய விண்டோஸ் என்றால் இகோர் பாவ்லோவ் உருவாக்கிய செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் போதும். அதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அது தானாக அப்டேட் ஆகாது. அவ்வப்போது புதிய பதிப்பை நாம்தான் போட வேண்டும்.

ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட்' கொடுங்கள். ஒரு ஃபோல்டர் வரும். அதற்குள் எல்லா ஆவணங்களும் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த ஃபோல்டரை ஜிப்பாகக் கட்டுங்கள். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சென்டரில் செய்தால், எழுந்து வரும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருப்பதை அழித்துவிடுங்கள்.

ஆதார் நகல் கேட்கும் இடத்தில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டு, அதையே கொடுங்கள். செவன்-ஜிப்பில் கடவுச்சொல் போட்டும் கட்டலாம். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, பழைய வினாத்தாள் போன்ற, யார் பார்த்தாலும் பாதகமில்லாதவற்றை ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் ஜிப் கேட்ட இடத்தில் 'இ.எக்ஸ்.இ.' என்று முடியும் ஃபைல் வந்தால் திறக்கவே வேண்டாம்.

இந்தப் பொறுப்பு நம் தொண்டர்களுக்கும் உண்டு. உதவி கேட்டு வரும் குடும்பம் தன் கஷ்டத்தை நம்மிடம் மட்டும் சொல்கிறது. கணவரை இழந்த ஒரு சகோதரியின் வருமானச் சான்று கண்ட இடத்தில் கிடப்பது, அவர் ஒப்படைத்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். ஆகவே இனி ஜிப் செய்ய முடியாதவர்கள் பி.டி.எஃப். ஃபைல்களைத் தனித்தனியாகவே அனுப்பலாம். ரார் ஃபைலோடு வருபவர்களுக்கு, அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் மாற்றித் தருவோம்; இன்ஷா அல்லாஹ், உங்கள் கண்முன்னே எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து நகலை அழித்தும் விடுவோம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவருக்காகக் காக்கும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.