நான்கு குரல்களும் ஒரு செவியும்

பிற நாட்டு இசை நமக்கு விளங்காது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். செவியைச் சற்றே பழக்கினால் அது விளங்கும். விளங்கியபின் அது நமக்கும் உரியதாகும். இதற்குச் சான்றாக ஒரு பாட்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

என் ஊர் பெரியபாளையம். ஆரணியாற்றங்கரையிலுள்ள பவானி அம்மன் கோயிலில் ஆடி மாதத்தில் பம்பையும் உடுக்கையும் முழங்கும். அம்முழக்கத்தில் வளர்ந்த செவியோடு, சென்னை எழும்பூரிலுள்ள புனித அந்திரேயர் ஆலயத்தில் ஆர்கன் இசையை முதன்முதல் கேட்டேன். 1821-இல் திறக்கப்பெற்ற ஆலயம் அது. சென்னை வானொலியில் மேனாட்டு இசையை வளர்த்த ஹாண்டல் மானுவேல் ஆர்கன் வாசித்த இடமும் அதுவே.

நான் அன்று கேட்டது ‘அபைட் வித் மீ’ என்னும் பாட்டு. ‘என்னுடன் தங்கும்’ என்பது அதன் பொருள். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரிக்சாமில் குருவாயிருந்த ஹென்றி பிரான்சிஸ் லைட், தாம் காலமான 1847-ஆம் ஆண்டில் இதற்கு நிறைவான வடிவம் தந்தார். இன்று வழங்கும் மெட்டை 1861-இல் அமைத்தவர் வில்லியம் ஹென்றி மாங்க்.

ஆர்கனும் ஒரு குழற்கருவியே. நாதசுரத்திற்கு வாசிப்பவர் மூச்சு. இதற்குத் துருத்தியின் காற்று. கட்டையை வலிந்து அழுத்துவதால் ஒலி மிகாது. விரலை எடுக்கும்வரை குன்றவும் செய்யாது. கமகத்திற்கு இதில் இடமில்லை. அசையாத சுரம் நம் செவிக்கு முதலில் வறண்டு தோன்றுவது இயல்பே. ஆனால் அசைவு வேறிடத்தில் இருக்கிறது. மேலே ஒரு சுரம் நிற்க, அதன் கீழே மூன்று குரல்கள் இடம் மாறுகின்றன. அம்மாற்றத்தால், நின்ற சுரமே புதுநிறம் கொள்கிறது.

மெட்டின் போக்கையும் பாருங்கள். நம் சங்கராபரணத்தின் சுரங்களே இதிலும் வருகின்றன. முதலடி காந்தாரத்தில் நிற்கிறது. இரண்டாமடி முடியுமிடத்தில் பிரதி மத்திமம் ஒருமுறை தலைகாட்டிப் பஞ்சமத்தில் சேர்கிறது. மாலைவானில் கடைசியாக ஓர் ஒளி தோன்றினாற்போல் அது இருக்கும். மூன்றாமடி முதலடியைப் போலவே தொடங்கி, ரிஷபத்தில் தயங்கி நிற்கிறது. நான்காமடிதான் சட்ஜத்தில் இளைப்பாறுகிறது. துணை வேண்டும் நெஞ்சு அலைந்து அடங்குவதை, சொல் அறியாதவரும் இவ்வாறு உணர்ந்துகொள்ளலாம்.

காந்தியடிகள் விரும்பிய பாடல்களுள் இதுவும் ஒன்று. புதுதில்லியில் குடியரசு விழாவின் நிறைவாக நடைபெறும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் படையின் வாத்தியக் குழுவினர் இதனைப் பல்லாண்டுகள் வாசித்துவந்தனர். 2022-இல் இது நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. விழாவில் எதை வாசிப்பது என்பதை அரசு முடிவு செய்யலாம். எதை மனத்தில் வைத்துக்கொள்வது என்பது கேட்பவர் கையில் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். இப்பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதன்முறை மேற்குரலை மட்டும் கவனியுங்கள், அடுத்தமுறை அடிக்குரலை, மூன்றாம் முறை நடுவிலுள்ள இரண்டையும். ஒருவர் சமயத்தை ஏற்றால்தான் அவர் பாட்டைச் சுவைக்கலாம் என்பதில்லை. சமயம் வேறென்று செவியை மூடிக்கொள்ளவும் வேண்டா. பம்பையைக் கேட்டறிந்த செவிக்கு ஆர்கனையும் கேட்க இடமுண்டு.