எல்லா அணியும் வெல்லக்கூடிய வகுப்பறை



மாணவரிடம் நல்ல நடத்தையை வளர்ப்பதில் பரிசுக்கும் தண்டனைக்கும் உரிய இடம் எது என்று பேச இந்த மாநாட்டில் கூடியிருக்கிறோம். இதைப் பாரிவாக்கத்தில் பேசுவது பொருத்தம் என்றே நினைக்கிறேன். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே, வயல்களெல்லாம் மனைப்பிரிவுகளாகிக்கொண்டிருக்கும் பகுதி இது. உள்ளூர்ப் பிள்ளை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் தாயின் பிள்ளை, கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவரின் பிள்ளை எல்லாரும் இங்கே ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். விதி ஒன்றுதான் என்றாலும், அது எல்லார் தலையிலும் ஒரே கனத்தோடு இறங்குவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வயது இருநூறுக்கு மேல். 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையில் ஒரு காட்சி வருகிறது. காலையில் முதலாவதாக வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவருக்கு ஒவ்வொன்று கூடுதல். சோம்பேறிக்குப் பிரம்படி, இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும், ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்வதும் உண்டு. திண்ணைப் பள்ளிக் கோதண்டத்தையும் தோப்புக்கரணத்தையும் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதல்ல.

கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். அந்த முறையின் கணக்கைப் பாருங்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் விடியுமுன்னே வந்து நின்றாலும் கடைசியாக ஒருவன் இருப்பான். அவனுக்கு அடி நிச்சயம். நேற்றைவிட அரை மணி முன்னதாக வந்தேன் என்று அவன் சொன்னால் அங்கே செல்லாது. வரிசையைப் பார்த்துக் கொடுக்கும் பரிசும் தண்டனையும் அப்படித்தான். யாராவது தோற்றே தீரவேண்டும். பிரம்பு போன பிறகும் அந்தக் கணக்கு நம்மைவிட்டுப் போகவில்லை என்பதுதான் என் கவலை.

பிரம்பு வேண்டுமா என்ற கேள்விக்கு இம்மாநாட்டில் இடமில்லை. தமிழ்நாடு 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல்தண்டனையை விலக்கியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடை செய்தது. ஆனால் சட்டம் சொன்னதும் கை அடங்கிவிடாது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10-ல் ஏழு மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் விசாரித்தது. எந்தத் தண்டனையும் பெற்றதில்லை என்று சொன்னவர்கள் 9 பேர்.

பிரம்பு இருந்த இடத்துக்கு வேறு சில வந்திருக்கின்றன. 2022-ல், ஆசிரியரிடம் மாணவர்கள் அத்துமீறிய காணொளிகள் பரவியபோது, அப்படி நடப்பவர்களை நீக்கி, காரணத்தை மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் குறிப்போம் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். அவமானப்பட்ட ஆசிரியரின் வேதனை எனக்குப் புரிகிறது. அவருக்குத் துணை நிற்பது அரசின் கடமையும்கூட. ஆனாலும் டி.சி.யில் ஏறும் ஒரு வரி, அடுத்த பள்ளியின் வாசலிலும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் நிற்கும். பதினைந்து வயதில் செய்த பிழைக்குப் பிரம்படியைவிட நீண்ட தண்டனை அது.

தவறு செய்தவர் திருக்குறளைப் பொருளோடு எழுதிக் காட்ட வேண்டும், வீட்டுப் பெரியவர்களிடம் நீதிக்கதை கேட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை வகுத்த வழிமுறைகளின் நோக்கம் நல்லது. கதை கேட்டு வருவதை மனதார வரவேற்கிறேன். அது பிள்ளையைத் தாத்தா பாட்டி பக்கம் உட்கார வைக்கும். குறளை இம்போசிஷன் ஆக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பிறர் அஞ்சும்படி நடவாமைக்கு 'வெருவந்த செய்யாமை' என்று தனி அதிகாரம் வகுத்த நூலைத் தண்டனைக் கருவியாக்கலாகாது.

இனிப் பரிசின் பக்கம் வருவோம். 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' தொடங்கியது. மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள். வருகைக்கும் பங்கேற்புக்கும் புள்ளிகள். மதிப்பெண்ணுக்கு மட்டுமே மேடை தந்துவந்த நம் பள்ளிகளில் இது பெரிய மாற்றம். இதை நாம் பழுதில்லாமல் வளர்த்தெடுக்க வேண்டும்.

அதற்கு உதவும் பழைய சோதனை ஒன்று உண்டு. பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற மூவர், அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில் நடத்தி 1969-ல் வெளியிட்ட 'நன்னடத்தை விளையாட்டு'. வகுப்பு இரண்டு அணிகள். அனுமதியின்றி எழுந்தாலோ பேசினாலோ அணிக்கு ஒரு கோடு. குறைவான கோடு வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டு அணியும் ஐந்து கோட்டைத் தாண்டாவிட்டால் இரண்டுக்குமே வெற்றி. பரிசும் பெரிதில்லை: பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம், சாப்பாட்டு வரிசையில் முதலிடம், சற்று ஓய்வு நேரம். சலசலப்பு வெகுவாகக் குறைந்தது. பெல்லாரிப் பள்ளிக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்த ஐந்து கோட்டில்தான் இருக்கிறது. இங்கே அளவுகோல் பக்கத்து அணி மட்டும் அல்ல. முன்கூட்டியே அறிவித்த, எல்லாரும் எட்டக்கூடிய ஓர் எல்லையும் உண்டு. அந்த வகுப்பிலும் இரு மாணவர்கள் வேண்டுமென்றே முரண்டு பிடித்தார்கள். அவர்களால் மொத்த அணியும் தோற்க வேண்டாம் என்று அவர்களைத் தனியே கணக்கில் வைத்தார்கள். நம் முற்றத்தில் புள்ளி குறைந்ததற்காக ஒரு பிள்ளை மீது குழுவே பாயும் நிலை வந்தால், அதற்கு விடை இப்போதே தயாராக இருக்க வேண்டும்.

பரிசு கெடுதலும் செய்யும். 1973-ல் வெளியான ஓர் ஆய்வில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரைக் கவனித்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பின்னால் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதி. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே பிள்ளை விரும்பிச் செய்வதற்கு விலை வைக்காதீர்கள். அவனுக்கு முடியாமல் இருப்பதற்கு வையுங்கள்.

ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். பிரேயர் மணி அடித்தாயிற்று, கேட் சாத்தியாயிற்று. வெளியே நிற்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணின் கையில் இரண்டு டிபன் பாக்ஸ். அம்மா முதல் ஷிப்டு. தம்பியைக் குளிப்பாட்டி, ஜடை பின்னிக்கொண்டு, அவனைத் தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். உள்ளே விட்டதும் மைதானத்தில் குப்பை பொறுக்கச் சொல்கிறோம். முதல் பீரியட் கணக்கு போய்விடுகிறது. முல்லைக் குழுவுக்குப் புள்ளியும் போகிறது. இருபது நிமிடத் தாமதம் இன்று எட்டு நிமிடமாகக் குறைந்ததே, அது எந்த நோட்டில் ஏறியது? அவளுக்குத் தண்டனை வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. தவறவிட்ட கணக்கை மாலையில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுவிட்டுப் போகட்டும். அன்றைய கணக்கு அன்றோடு தீர்ந்தது. மறுநாள் அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது.

அமர்வுகளில் கட்டுரை படிக்க இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் கடந்த பருவத்தில் ஒருமுறைகூடப் பாராட்டுப் பெறாத பிள்ளைகள் யார் யார் என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள். அவர்கள் பெற்ற தண்டனைகளில் எத்தனை அன்றே முடிந்தன, எத்தனை இன்னும் தொடர்கின்றன என்று பக்கத்திலேயே குறியுங்கள். மகிழ் முற்றத்தில் ஐந்து குழுவும் ஒரே மாதத்தில் வெல்ல முடியுமா, அதற்கு எல்லையை எங்கே வைக்கலாம் என்பதைப் பிற்பகல் அமர்வு விவாதித்து, பள்ளிக் கல்வித் துறைக்கு அனுப்பத்தக்க வரைவாகத் தர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் அந்த விவாதத்தில் முதலில் பேச வேண்டும் என்பது தலைவர் என்ற முறையில் என் முடிவு. முதல் அமர்வைத் தொடங்கலாம்.