வைடல் பாசிட்டிவ்னா டைஃபாய்டா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

காய்ச்சல் பத்தின எபிசோடுக்கு அப்புறம் நீங்க அனுப்பின கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்துச்சு. “காய்ச்சல்னு போனேன், வைடல் டெஸ்ட்ல 1:80 வந்துச்சு. டைஃபாய்டுன்னு அஞ்சு நாள் ஊசி போட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா இன்னும் அதே 1:80. டைஃபாய்டு இன்னும் போகலையா?” எண் மட்டும் ஆளாளுக்கு மாறுது, பயம் ஒண்ணுதான். அதனால இன்னைக்கு அந்த எண் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம்.

ரத்தப் பரிசோதனையில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, கிருமியையே தேடுறது. இன்னொண்ணு, கிருமி வந்தப்போ நம்ம உடம்பு தயாரிச்ச ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளைத் தேடுறது. வைடல் ரெண்டாவது வகை. திருடனைப் பிடிக்கிற வேலை இல்ல இது. திருடன் வந்தான்னு நாய் குரைக்குதான்னு கேட்கிற வேலை. நாய் இப்போ வந்த திருடனைப் பார்த்துக் குரைக்குதா, போன வருஷம் வந்தவன் நினைப்புல குரைக்குதா, பூனையைப் பார்த்துக் குரைக்குதான்னு அந்தச் சத்தத்தை வச்சு மட்டும் சொல்ல முடியாது.

இந்த டெஸ்ட் 1896ல பாரிஸ்ல பிறந்தது. ஃபெர்னாண்ட் விடால்ங்கிற டாக்டர் பெயர்தான் நம்ம ஊர் லேப்ல வைடல் ஆயிடுச்சு. செய்முறை எளிமையானது. கொல்லப்பட்ட டைஃபாய்டு கிருமி கலந்த திரவத்தை எடுத்து, நோயாளியோட சீரத்தோட கலப்பாங்க. சீரத்துல ஆன்டிபாடி இருந்தா, அது கிருமிகளை ஒண்ணோட ஒண்ணு கோத்துவிடும், கண்ணுக்கே தெரியிற மாதிரி திரிதிரியா திரளும்.

சரி, 1:80ங்கிறது என்ன? ரசத்துல தண்ணி ஊத்திக்கிட்டே போறீங்கன்னு வைங்க. எத்தனையாவது டம்ளர் வரைக்கும் மிளகுக் காரம் நாக்குல தெரியுதுன்னு பார்த்தா, முதல்ல எவ்வளவு காரம் இருந்ததுன்னு கணிக்கலாம். அதே மாதிரி சீரத்தை 20 மடங்கு, 40, 80, 160ன்னு நீர்க்க வச்சுக்கிட்டே போவாங்க. எந்த அளவு வரைக்கும் திரளுதோ, அந்தக் கடைசி அளவுதான் ரிப்போர்ட்ல வர்ற டைட்டர்.

பிரச்சினை இங்கதான். டைஃபாய்டு புழங்குற ஊர்ல, நல்லா நடமாடுறவங்க ரத்தத்துலயே 1:40, 1:80ன்னு வர்றது சகஜம். முன்னாடி எப்பவோ வந்த தொற்று, போட்டுக்கிட்ட தடுப்பூசி, சால்மொனெல்லா குடும்பத்து வேற கிருமி, ஏன், சம்பந்தமே இல்லாத வேற காய்ச்சல் கூட அந்த எண்ணை ஏத்தும். இன்னொரு பக்கம், ஆன்டிபாடி உருவாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால நிஜமான டைஃபாய்டு ஆரம்ப நாட்கள்ல நெகட்டிவ்னும் வரலாம்.

முறையா பண்ணணும்னா ரெண்டு தடவை ரத்தம் எடுக்கணும், 10 முதல் 14 நாள் இடைவெளியில. எண் நாலு மடங்கு ஏறினா அர்த்தம் இருக்கு. ஆனா காய்ச்சல்ல கிடக்கிறவர் ரெண்டு வாரம் காத்திருப்பாரா? அதனால ஒரே ஒரு டெஸ்ட்டை வச்சு முடிவு எடுக்கிறது பழக்கமாயிடுச்சு. குணமான பிறகும் ஆன்டிபாடி மாசக்கணக்குல ரத்தத்துல இருக்கும். அதனால “போயிடுச்சா”ன்னு பார்க்க வைடலைத் திரும்ப எடுக்கிறதுல பயனே இல்ல.

இதுல என்ன நஷ்டம், ஆன்டிபயாட்டிக் தானேன்னு கேட்கலாம். ரெண்டு நஷ்டம் இருக்கு.

ஒண்ணு, நிஜ நோய் தப்பிச்சுடும். தமிழ்நாட்டுல மழைக்கு அப்புறம் வர்ற குளிர் மாசங்கள்ல ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒரு காய்ச்சல் வருது. புதர்ல இருக்கிற சின்ன உண்ணிப்பூச்சிக் கடியால வர்றது. சிலருக்கு அக்குள், இடுப்பு மாதிரி மறைவான இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பு வடு இருக்கும். டைஃபாய்டுக்கு வழக்கமா போடுற செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இதுக்கு வேலை செய்யாது. விலை குறைஞ்ச டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேலை செய்யும். ‘வைடல் பாசிட்டிவ்’னு தப்பான ஊசியில ஒரு வாரம் போனா, நோய் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போயிடலாம்.

ரெண்டாவது, மருந்துக்கு அடங்காத கிருமி. 2016ல பாகிஸ்தானோட சிந்து மாகாணத்துல பரவ ஆரம்பிச்ச டைஃபாய்டு, செஃப்ட்ரியாக்ஸோன் உட்பட பல மருந்துக்கு அடங்கல. மாத்திரையில அசித்ரோமைசின்தான் மிச்சம் இருந்துச்சு.

அப்போ என்ன கேட்கலாம்? டைஃபாய்டுன்னு சந்தேகம் வந்தா, ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே “பிளட் கல்ச்சர் எடுக்கலாமா டாக்டர்?”னு கேளுங்க. அது கிருமியையே வளர்த்துப் பார்க்கிறது. எந்த மருந்து கேட்கும்னும் சொல்லும். ரிசல்ட் வர சில நாள் ஆகும், எல்லாக் கேஸையும் பிடிக்காது, செலவும் கூட. நோயாளி மோசமா இருந்தா ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம சிகிச்சை ஆரம்பிப்பாங்க, அது சரிதான். ரத்தத்தை மட்டும் முதல்லயே எடுத்து வச்சிடணும்.

இதுக்காக ஆன்டிபாடி டெஸ்ட்டே வீண்னு நினைச்சிடாதீங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவங்களுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தா பாதுகாப்பு வந்துடுச்சுன்னு அர்த்தம். அங்கே அந்த எண் தெளிவாப் பேசும். டெங்குல முதல் நாட்கள்ல என்எஸ்1ங்கிற ஆன்டிஜெனைத் தேடுவாங்க. அஞ்சாம் நாளுக்கு அப்புறம்தான் ஐஜிஎம் ஆன்டிபாடி கைகொடுக்கும். அதனால ரிப்போர்ட்டோட சேர்த்து, காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சதுங்கிற தேதியையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. நாள் தெரியாம அந்த எண்ணுக்கு மதிப்பு இல்ல.

வீட்டுல யாராவது பழைய வைடல் ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டுக் கவலைப்பட்டா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.