தலைக்கு மேலே ஒரு ரேடியேட்டர்

 

கச்சான் இறங்கிவிட்டது. சம்மாந்துறையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வயல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் முகத்திலேயே தெரியும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பின்னேரமாவது கொஞ்சம் கடற்காற்றுக் கிடைக்கும். கச்சான் உரத்து அடிக்கும் நாளில் அதுவும் கரையைத் தாண்டி உள்ளே வராது.

தென்மேற்குப் பருவக்காற்று கடலில் இருந்து ஈரத்தோடு வந்து மலைநாட்டில் ஏறுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் கழிந்த கச்சானாக நம் பக்கம் இறங்குகிறது. மழை பெய்துகொண்டே ஏறும் காற்று ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகைதான் குளிரும். காய்ந்த காற்று அதே ஆயிரம் மீற்றர் இறங்கும்போது 10 பாகை சூடேறும். அந்த மிச்சச் சூடுதான் ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை நம் வாசலுக்கு வருகிறது. இது கடவுள் தந்த காற்று, இதை நாம் நிறுத்த முடியாது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் சூட்டில் பெரும் பங்கு கச்சானால் வந்ததல்ல, நாமே கட்டி வைத்தது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

நான் வீட்டுக்குப் படம் கீறி, வேலையை மேற்பார்வை செய்கிறவன். வீட்டுச் சூட்டை விளங்கிக்கொள்ள ஒரு குளிர்நாட்டுச் சாமானில் இருந்து தொடங்குகிறேன். லண்டனிலும் கனடாவிலும் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் வீடியோ அழைப்பில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, வெள்ளையாக ஒரு இரும்புப் பலகை இருக்கும். அதுதான் ரேடியேட்டர். உள்ளே சுடுநீர் ஓடும். அதிலே பல வகை. பழைய வீடுகளில் வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும், சூடேற நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். இப்போதைய வீடுகளில் மெல்லிய உருக்குப் பலகை, அதன் முதுகில் மடிப்பு மடிப்பாகத் தகடு. குளியலறையில் துவாய் காயப்போடுகிற குழாய் வகை. தரைக்கு அடியிலேயே குழாய் பதிக்கிற வகை. சில்லு வைத்து உருட்டிப் போகிற, எண்ணெய் நிரப்பிய மின்சார வகை. 1850களில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஃபிரான்ஸ் சான் கலி என்பவர் தொடக்கி வைத்த சாமான் இது.

எந்த வகையானாலும் சூட்டைத் தருவது இரண்டு வழியில். ஒன்று, தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பும். மற்றது, காற்றைக் கேட்காமலே எதிரில் இருக்கிற ஆளின் உடம்பில் நேரே கதிராகப் பாய்ச்சும். நம் குசினி அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது முகம் காய்கிறதே, முதுகு காய்வதில்லையே, அது இந்த இரண்டாவது வழி.

இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். குளிர்நாட்டு ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் சாதாரணமாக 60, 70 பாகை. சில அடி நீளம், இரண்டடி உயரம், அறைக்கு ஒன்று. நல்ல வெயில் நாளில், ளுஹர் நேரத்தில் நம் வீட்டுக் கூரைச் சீற்றும் 60 பாகையைத் தொடும். அதன் அளவு 900 சதுர அடி. தலைக்கு நேர் மேலே. குளிர்நாட்டுக்காரன் தன் ரேடியேட்டரைத் திருகி நிறுத்த ஒரு வால்வு வைத்திருக்கிறான். நமக்கு அதுவும் இல்லை.

இந்த ஊரில் வீடு யாருக்காகக் கட்டுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் மகளுக்கு. மூன்று குமர் இருந்தால் மூன்று வீடு. ஒரு வாப்பா தன் வாலிபம் முழுவதையும் சவூதியிலும் கட்டாரிலும் கரைத்து அந்த வீட்டை எழுப்புகிறார். முன் முகப்புக்குத் தூண் வருகிறது, தரைக்கு மாபிள் வருகிறது, கதவுக்கு நல்ல மரம் வருகிறது. காசு இறுகும்போது முதலில் கத்தரிப்பது கூரையை. உயரத்தில் ஒரு அடி குறைகிறது, ஓடு சீற்றாகிறது, முகட்டுச் சுவரில் இருந்த காற்றுத் துளை படத்திலேயே அழிந்து போகிறது. கூரையை யாரும் வந்து பார்த்துப் புகழ்வதில்லை என்பதால் இப்படி நடக்கிறது. மகள் முப்பது வருடம் வாழப் போவது அந்தக் கூரைக்குக் கீழேதான்.

மல்வத்தைப் பக்கம் போகும் வழியில் ஒரு வீடு. பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத ஒரு தங்கச்சி. அறையில் ஏணை கட்டியிருக்கிறார்கள். மேலே கலர் சீற், சீலிங் இல்லை. ஃபேன் முழு வேகத்தில் சுழல்கிறது, பிள்ளை சிவந்துபோய் அழுகிறது. "நானா, ஃபேன் போட்டாலும் நெருப்புக் காத்துத்தான் வருது. இன்னொரு ஃபேன் வாங்கவா?" என்று அந்தப் பிள்ளையின் வாப்பா கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே பார்க்க ஏணையின் உயரத்தில் வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை காய்ந்தது. பிறகு கைக்கு மேலே ஒரு வெள்ளைத் துவாயை விரித்துப் பிடித்தேன். உடனே சூடு விட்டது. அறையின் காற்று மாறவில்லை, ஃபேன் மாறவில்லை. கையும் கூரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, அந்தப் பார்வையைத் துவாய் மறைத்தது. அவ்வளவுதான். மல்லாந்து படுத்திருக்கும் பிள்ளை நாள் முழுக்க அந்தக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கல்யாண வீட்டில் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டுவோமே, அன்று மட்டும் மண்டபத்தில் ஒரு சுகம் தெரியுமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வீட்டில் ஏணைக்கு மேலே உயரமாக, ஃபேனிலும் பல்ப்பிலும் படாமல், அப்படி ஒரு துணியைக் கட்டினோம். அன்று இரவே செய்யக்கூடிய வேலை அது. அடுத்த மாதம் சீற்றுக்குக் கீழே அலுமினியம் ஒட்டிய ஃபோயில் அடித்தார்கள்.

ஃபோயிலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடையில் இதைத் தவறாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பளபளக்கும் அலுமினியமும் சூடேறும். ஆனால் ஏறிய சூட்டைக் கதிராக வெளியே விடாது. துருப்பிடித்த தகரமும் பெயின்ற் அடித்த சீற்றும் அஸ்பெஸ்டஸும் விடுவதில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்குதான் அது விடும். அதனால் பளபளப்பான முகம் கீழே பார்க்க வேண்டும், அதற்குக் கீழே காற்று இருக்க வேண்டும். சீலிங் பலகையோடு ஒட்டி அடித்தால் அந்தக் குணம் போய்விடும். மேலே பார்க்க அடித்தால் சில வருடத்தில் தூசி படிந்து பயன் குறையும்.

கூரை வகைகளைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது. கலிக்கட் ஓட்டில் எனக்கு உள்ள பிரியம் அப்படி. பாசல் மிஷன்காரர் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை போட்டார்கள், பிறகு கோழிக்கோட்டிலும். அங்கிருந்து கப்பலேறி வந்த ஓடு இன்றைக்கும் நம் மூத்தவாப்பாமார் கட்டிய வீடுகளில் இருக்கிறது. ஒரு ஓட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே இரண்டு வாய்க்கால், ஓரத்தில் ஒன்றோடு ஒன்று கொளுவும் வரம்பு, அடியில் சலாகையில் மாட்ட ஒரு மூக்கு. மழைத்தண்ணீர் உள்ளே வராது, ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் காற்றுப் போய்வரும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வழிகளால் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். களிமண் என்பதால் இரவின் ஈரத்தையும் கொஞ்சம் குடித்து வைத்துக் காலையில் விடும். பழைய ஓட்டு வீட்டை இடித்துச் சீற் போட நினைக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், கைமரம் இற்றுப்போயிருந்தால் கைமரத்தை மாற்றுங்கள், ஓட்டைக் கழுவித் திரும்ப வையுங்கள். ஜெஃப்ரி பாவா என்ற பெரிய கட்டடக் கலைஞர், 2003இல் காலமானவர், நெளி சீமெந்துச் சீற்றின் மேல் பீலி ஓட்டைப் பரப்பும் முறையை நிறையக் கையாண்டார். சீற் மழையைப் பார்த்துக்கொள்ளும், ஓடு வெயிலைப் பார்த்துக்கொள்ளும்.

கொங்கிறீற் தட்டு வேறு மாதிரி. பகலில் அந்த வீடு குளிர்மையாகத்தான் இருக்கும், எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். ஐந்து அங்குலத் தட்டு நண்பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறக்கும். மஃரிபுக்குப் பிறகு, வெளியே குளிரத் தொடங்கும் நேரத்தில், உள்ளே புழுங்கும். பிறகொரு நாள் மேல்மாடி கட்டலாம் என்று தட்டுப் போட்டுவிட்டுக் கட்டாருக்குப் போன ஒருவரின் மனைவி, பிள்ளைகளோடு இரவில் விறாந்தையில் படுப்பதாகச் சொன்னார். மாடி கட்டக் காசு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். தட்டுக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு, மூன்றடி இடைவெளி விட்டு, சாதாரணச் சீற் போட்டார்கள். இப்போது உடுப்புக் காயவும் அதுவே இடம். அதற்கும் வசதி இல்லாதவர்கள் தட்டுக்கு வெள்ளை அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், இரவில் சூட்டை வானத்துக்கும் விடும். அழுக்குப் படிந்தால் பயன் குறையும் என்பதால் கச்சானுக்கு முன் வருடாவருடம் கழுவ வேண்டும்.

இனி நான் மிக விரும்பிச் செய்யும் வேலைக்கு வருகிறேன். முகட்டுச் சுவர். கூரை இரு பக்கமும் சரிந்து இறங்கும்போது ஓரத்தில் முக்கோணமாக எழும்புகிறதே, அந்தச் சுவர். சூடான காற்று மேலே போகும், போன இடத்தில் வழி இருந்தால் வெளியேறும், இல்லையென்றால் அங்கேயே தங்கும்.

ஒரு வீட்டில் நல்ல சீலிங் அடித்திருந்தார்கள், ஆனால் முக்கோணச் சுவரை இரு பக்கமும் இறுக்கிப் பூசியிருந்தார்கள். வௌவாலுக்குப் பயம். நண்பகலில் சீலிங்கில் இருந்த பலகையைத் தள்ளித் தலையை நீட்டினேன். கண்ணிமை காய்ந்தது. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஒன்றை யாரோ அங்கே மறந்து வைத்திருந்தார்கள், கையில் எடுக்க முடியவில்லை. அந்தச் சூடு சீலிங்கைச் சுட்டு, சீலிங் கீழே இருப்பவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மூத்தும்மா பகலில் பாயைச் சுருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார்.

அந்தச் சுவரில் காற்று வழி வெட்டுவதற்கு ஒரு அளவு உண்டு. சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு காற்று வழி என்பது கட்டட வேலையில் வழக்கமான கணக்கு. 900 சதுர அடி வீட்டுக்கு 6 சதுர அடி, பக்கத்துக்கு மூன்று. மேசனும் நானுமாக முகட்டுக்குக் கிட்ட, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் வெட்டினோம். வடகிழக்குப் பக்கத்தில் சாய்வுப் பலகை வைத்தோம், ஏனென்றால் மார்கழி வாடை மழை அந்தப் பக்கத்தால்தான் சரிந்து அடிக்கும். தென்மேற்குப் பக்கத்தில் துளை வைத்த சீமெந்துப் பூக்கல். இரண்டுக்கும் உள்ளே கம்பி வலை, வௌவாலும் மரநாயும் அணிலும் நுழையாதபடி. வலையின் கண் மிகச் சின்னதாக இருக்கக் கூடாது, தூசி அடைத்துவிடும். மறுநாள் நண்பகல் அந்தப் பலகையைத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். ஒரு பக்கத்தால் காற்று நுழைந்து மற்றப் பக்கத்தால் போகும் சத்தமே கேட்டது. மூத்தும்மா கீழே நின்று, "என்ன மகன், உள்ளுக்கு மழையா?" என்று கேட்டார். இப்போது அவர் பகல் தூக்கம் அறைக்குள்ளேதான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் சீற்றைத் துளைக்காதீர்கள், அறுக்காதீர்கள், உலர்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். சுவரைத்தான் வெட்டலாம் என்று சொல்கிறேன், சீற்றை அல்ல.

நேரம் நெருங்குவதால் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கத்து ஜன்னலைக் காலை ஒன்பது மணிக்குப் பிறகு சாத்துங்கள், சுபஹ் தொழுகைக்கு எழும்பும்போது எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சீலிங் இல்லாத சீற் வீட்டில் ஃபேன் மேலே தேங்கிய சூட்டைக் கீழே தள்ளும் என்பதால், படுப்பவருக்குப் பக்கத்தில் நிறுத்தும் ஃபேன் நல்லது. ஃபேன் வியர்வையைக் காயவைத்துத்தான் நம்மைக் குளிர்விக்கிறது. கச்சானில் வியர்வை தெரியாமலே காயும், வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். ஏசி வாங்க நினைப்பவர்கள் முதலில் கூரை வேலையைச் செய்யுங்கள், பிறகு சின்ன ஏசி போதும், கரண்ட் பில்லும் தாங்கும்.

முகட்டுச் சுவர் வெட்டுவதாக இருந்தால் ஒக்டோபர் முடியுமுன் முடித்துவிடுங்கள், மழைக்குள் பூச்சு நிற்காது. இப்போது மகளுக்கு அத்திவாரம் போடுகிற வாப்பாமார், இன்றைக்கே உங்கள் படத்தை எடுத்து, அந்த முக்கோணத்தில் துளை கீறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீறச் சொல்லுங்கள், கீற மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள். அடுத்த கச்சானில் மாமரத்தடிக்குப் பாய் சுமக்கிற மூத்தும்மாமார் ஊரில் குறைந்திருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.