வீட்டுத் தொழிலும் வரிக்கழிவும்

அட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயக் காம்பராவைக் கற்பனை செய்யுங்கள். பகலெல்லாம் கொழுந்தெடுத்து மீண்ட அம்மையார் ஒருவர், இரவில் மின்விளக்கின் கீழ்க் கூலிக்குச் சட்டை தைக்கின்றார். அவ்விளக்குச் செலவுக்கு வருமான வரியிற் கழிவு உண்டோ?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் குடும்பச் செலவைக் கழிக்க இடந்தராது. தையலுக்கென்றே ஆன மின்செலவைச் சிட்டை கொண்டு பிரித்துக் காட்டினால், அப்பங்கைத் தொழில் வருவாயிலிருந்து கழிக்கலாம். வீட்டிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வேலை செய்வோருக்கோ அதுவுமில்லை.

ஆயின், 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரியே கிடையாது. அத்தொகையை எட்டாத நம் அம்மையாருக்கு இக்கழிவால் ஒரு சதமும் மிச்சமாகாது! அதற்காக அவர் வரி செலுத்தாதவர் என்றெண்ணிவிடாதீர்கள். வாடிக்கைக்காரரை அழைக்கும் தொலைபேசிக் கட்டணத்திலே பெறுமதி சேர் வரி இருக்கின்றது. 2024 சனவரியில் அது 18 வீதமாயிற்று. அவ்வரிக்குப் பதிவு பெறாத சிறு தொழிலாளர் அதனைத் திரும்பக் கேட்க முடியாது.