புளோக்கடியில் உலவும் விலங்குகள்: விரட்டுவதா, விட்டுவைப்பதா?



சிங்கப்பூரின் பரப்பளவு 730 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதற்குள் சுமார் 60 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். இவ்வளவு நெருக்கமான ஊரில் வனவிலங்குகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பீஷானில் காலை நடை செல்பவர் நீர்நாய்க் கூட்டத்தைப் பார்க்கிறார். பாசிர் ரிஸ்ஸில் சன்னலைத் திறப்பவர் இருவாட்சிப் பறவையைப் பார்க்கிறார். புக்கிட் தீமா பக்கம் குடியிருப்பவர் சமையலறைக்குள் குரங்கு நுழைந்ததாகப் புகார் சொல்கிறார். பெரிய கால்வாய் ஓடும் பேட்டைகளில் உடும்பு வெயில் காய்வதைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு.

இந்தக் காட்சிகள் சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்குப் பயம். நகரத்தில் இந்த உயிர்களை என்ன செய்வது என்பதே இன்றைய கேள்வி.

போனவை திரும்பி வந்த கதை

19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் புலிகள் இருந்தன. காட்டை அழித்துக் காம்பியர் பயிரிட்ட தோட்டங்களில் கூலிகள் புலிக்கு இரையானார்கள். கடைசிப் புலி 1930ல் சுவா சூ காங் வட்டாரத்தில் சுடப்பட்டது. அது போனது போனதுதான். ஆனால் வேறு சில உயிர்கள் திரும்பி வந்திருக்கின்றன.

நீர்நாயை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் சாக்கடையாக நாறிய காலத்தில் அது இங்கு வாழ வழியில்லாமல் போயிற்று. 1977ல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவுப் பணி 1987ல் முடிந்தது. பன்றிப் பண்ணைகளும் கரையோரத் தொழிற்கூடங்களும் அகற்றப்பட்டன. ஆற்றில் மீன் திரும்பியது. 1998ல் சுங்கை பூலோவில் ஒரு நீர்நாய் ஜோடி காணப்பட்டது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஓடிய சிமெண்டுக் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றும் பணி 2012ல் நிறைவடைந்தது. பிறகு அங்கும் நீர்நாய்கள் குடும்பம் நடத்தின. மரினா பே வரை அவை நீந்தி வந்தன. 1977ல் மனிதருக்காகச் செய்த துப்புரவு விலங்குக்கும் வீடு தந்தது.

இருவாட்சியின் கதையும் இது போன்றதே. சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன இந்தப் பறவை 1994ல் புலாவ் உபினில் மீண்டும் தென்பட்டது. பெண் இருவாட்சி பெரிய மரப் பொந்துக்குள் புகுந்து, வாசலைப் பூசி அடைத்து, அலகு நுழையும் அளவு இடுக்கு மட்டும் விட்டு முட்டையிடும். உள்ளே இருக்கும் துணைக்கும் குஞ்சுகளுக்கும் ஆண் பறவை நாள்தோறும் பழம் கொண்டுவந்து ஊட்டும். அப்படிப்பட்ட பொந்து உள்ள முதிய மரங்கள் இங்கே குறைவு. எனவே 2004ல் தொடங்கிய திட்டத்தின்படி மரப்பெட்டிகளை உயரத்தில் பொருத்தினார்கள். பறவைகள் ஏற்றுக்கொண்டன. இன்று சாங்கி முதல் பாசிர் ரிஸ் வரை அடுக்குமாடிச் சுவர்களிலும் அவை வந்து உட்காருகின்றன.

சாலை போட்டதால் பிரிந்த காட்டை மீண்டும் இணைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 1980களில் கட்டிய புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாக வெட்டியது. அதைக் கடக்க முயன்ற எறும்புத்தின்னிகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தன. 2013ல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் செடி கொடிகள் நட்ட பாலம் ஒன்று கட்டப்பட்டது. அதில் மனிதர் நடக்க அனுமதி இல்லை. அது விலங்குகளுக்கே உரிய பாதை.

உரசல்கள்

திரும்பி வந்தவற்றை எல்லாரும் வரவேற்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. நீர்நாய்கள் தனியார் வீடுகளின் குளங்களில் புகுந்து விலை உயர்ந்த அலங்கார மீன்களைத் தின்றுவிட்டன. 2021 நவம்பரில் தாவரவியல் பூங்காவில் காலை நடை சென்ற ஒருவரை நீர்நாய்க் கூட்டம் சூழ்ந்து கடித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பொங்கோலில் காட்டுப்பன்றி தாக்கிக் குடியிருப்பாளர்கள் காயமடைந்தனர். காயம்பட்டவரிடம் போய் இயற்கையை நேசியுங்கள் என்று மட்டும் சொன்னால் அது நியாயமாகாது.

மறுபக்கமும் உண்டு. 2017ல் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித் திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் பிடித்துக் கொன்றார்கள். கூவும் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று முந்திய ஆண்டு சுமார் 20 புகார்கள் வந்திருந்தன. செய்தி வெளியானதும் பெரிய விவாதம் எழுந்தது. பறவைக் காய்ச்சல் அபாயம் உள்ளிட்ட பொதுச் சுகாதாரக் காரணங்களை அரசாங்கம் நாடாளுமன்றத்தில் விளக்கியது. என்றாலும், சேவல் கூவுவதைக்கூடத் தாங்க முடியாத ஊராகிவிட்டோமா என்ற கேள்வி பலர் மனத்தில் தங்கிவிட்டது. கம்பத்து வீட்டில் சேவல் கூவித்தான் பொழுது விடிந்தது என்பதை மூத்தவர்கள் மறக்கவில்லை.

குயிலும் இப்போது புகார்ப் பட்டியலில் இருக்கிறது. தமிழில் இந்தப் பறவைக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. பாரதியார் அதன் பெயரிலேயே ஒரு நெடும்பாட்டு எழுதினார். ஆனால் பத்தாவது மாடியில் விடியற்காலை 5 மணிக்குத் தூக்கம் கலைந்தவருக்குக் குயிலின் குரல் வெறும் இரைச்சலாகிவிடுகிறது.

இந்தக் குயிலுக்குப் பின்னால் ஒரு காக்கை இருக்கிறது. குயில் கூடு கட்டாது, காக்கையின் கூட்டில் முட்டையிடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காக்கை இந்த மண்ணுக்குரியது அன்று. மலாயாவில் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கிய புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது அது. காப்பித் தோட்டம் போய்விட்டது, காக்கை தங்கிவிட்டது. அங்கிருந்து பரவிச் சிங்கப்பூரையும் வந்தடைந்தது. காப்பிக் கடைகளில் தட்டைக் கொத்தும் ஜாவா மைனாவும் கூண்டுப் பறவையாக வந்து தப்பிப் பெருகியதுதான். அதன் தாயகமான ஜாவாவிலேயே அது இப்போது அருகிவருகிறது என்பது வேடிக்கையான உண்மை.

காக்கை பெருகினால் குயிலும் பெருகும். காக்கை பெருகுவதற்குக் காரணம் என்ன? சோறு.

ஒரு கைப்பிடிச் சோறு

இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு உண்பது பல வீடுகளின் வழக்கம். அமாவாசை நாளில் முன்னோர் காக்கை உருவில் வந்து உண்பதாக நம்புகிறவர்கள் உண்டு. புறாவுக்குத் தானியம் இறைப்பதைப் புண்ணியமாகக் கருதுகிறவர்களும் உண்டு. இந்த எண்ணத்தின் அடியில் இருக்கும் இரக்கத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தச் சோறு புளோக்கடியில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். காக்கையும் புறாவும் தின்றது போக மிச்சம் அங்கேயே கிடக்கிறது. இரவில் எலி வருகிறது. எலி பெருகினால் அதைத் தேடி மலைப்பாம்பு கால்வாய் வழியாக வருகிறது. மறுநாள் சாக்கடை மூடிக்கு அருகே பாம்பைக் கண்டு புளோக்கே கலங்குகிறது. பாம்பு எங்கிருந்தோ வந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். சோற்றை யாரும் நினைப்பதில்லை.

குரங்கின் கதை இன்னும் வருத்தமானது. காட்டில் பழம் தின்று, விதையைப் பரப்பி, மரம் முளைக்க உதவுவது நீள்வால் குரங்கு. சாலையோரம் காரை நிறுத்தி ரொட்டி வீசுகிறவர்களால் அது இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறது. மனிதனிடம் உணவு இருக்கிறது, பிளாஸ்டிக் பையில் உணவு இருக்கிறது என்பவையே அந்தப் பாடங்கள். பிறகு சந்தையிலிருந்து திரும்பும் மூதாட்டியின் பையை அது பறிக்கிறது. புகார் வருகிறது. குரங்கு பிடிக்கப்படுகிறது. அல்லது சாலையில் அடிபட்டுச் சாகிறது. ரொட்டி வீசியவர் அப்போது அங்கே இருப்பதில்லை.

இதனால்தான் பழைய வனவிலங்குகள், பறவைகள் சட்டம் 2020ல் திருத்தப்பட்டு வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாறியது. அந்த ஆண்டு ஜூன் முதல் வனவிலங்குகளுக்கு உணவிடுவது நாடு முழுவதும் குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கலாம். புறாவும் இதில் அடங்கும். புறாக்களுக்குத் தீனி போட்டதற்காக அபராதம் கட்டிய செய்தி 2025லும் வந்தது.

அப்படியானால் முன்னோருக்கு எப்படிப் படைப்பது? வீட்டுக்குள் படத்தின் முன் படையலிட்டு, பிறகு குடும்பத்தார் பகிர்ந்து உண்ணும் முறை ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கிறது. அன்னதானத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வழக்கத்தின் பொருள் நன்றி செலுத்துவது. அதற்குப் பல வழிகள் உண்டு. வீட்டுப் பெரியவர்களே இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் சட்டத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

எதிரில் வந்தால் என்ன செய்வது?

குரங்கு எதிர்ப்பட்டால் அதன் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, பல்லைக் காட்டிச் சிரிக்கவும் கூடாது. அதற்கு அது மிரட்டல். சாப்பாட்டுப் பையை முதுகுப் பைக்குள் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும். காட்டுக்கு அருகே குடியிருப்பவர்கள் சன்னலை அடைப்பதும் குப்பைத் தொட்டியை மூடுவதும் பாதித் தொல்லையைத் தீர்க்கும்.

நீர்நாய்களின் நடுவே புகுந்து படம் எடுக்கக் கூடாது. குட்டிகள் கூட இருந்தால் தாயும் தந்தையும் பாயும். நாயுடன் நடப்பவர்கள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் மீன் குளம் உள்ளவர்கள் கதவின் அடி இடைவெளியை அடைக்கலாம், குளத்தின் மேல் வலை போடலாம்.

காட்டுப்பன்றியின் வழியை மறிக்கக் கூடாது. குட்டிகளுக்கும் தாய்க்கும் இடையில் ஒருபோதும் போகக் கூடாது. மலைப்பாம்புக்கு நஞ்சு இல்லை, ஆனால் சீண்டினால் கடிக்கும். நஞ்சு உமிழும் நாகமும் இந்தத் தீவில் உண்டு என்பதால் எந்தப் பாம்பையும் கையால் பிடிக்க முயல்வது தவறு. தள்ளி நின்று, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். உடும்போ அழுகிய மீனையும் செத்ததையும் தின்று கால்வாயைச் சுத்தம் செய்கிறது. அதை அதன் வேலையைச் செய்ய விட்டால் போதும்.

நேயர்களே, இந்த விலங்குகள் யாரிடமும் இரக்கத்துக்காகக் கையேந்தி நிற்கவில்லை. அவற்றுக்கு வேண்டியது சுத்தமான தண்ணீர், சில பெரிய மரங்கள், கடந்து போக ஒரு வழி, சற்று இடைவெளி. இவ்வளவையும் கொடுத்துவிட்டு உணவை மட்டும் கொடுக்காமல் இருப்பதே இந்த ஊருக்குப் பொருத்தமான அன்பு. அடுத்த முறை புளோக்கடியில் ஓர் உடும்பைக் கண்டு பிள்ளை அலறினால், கல்லைத் தேடாமல், அது என்ன தின்னும், எங்கே தூங்கும் என்று சொல்லிக்கொடுங்கள். தெரிந்துகொண்ட பிள்ளை பயப்படாது. பயப்படாத பிள்ளை கல் எறியாது.