தாத்தா காலத்துக் கோயில்



நம் சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ரயில் ஏறினால் செப்புத்தே, மிட்வேலி, அடுத்து கே.எல். சென்ட்ரல். இறங்கி நடந்தால் துன் சம்பந்தன் சாலையில் விவேகானந்தா ஆசிரமம். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்க, நடுவில் அது மட்டும் தாழ்வாக, பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. 1904இல் கட்டியது, விவேகானந்தர் மறைந்து இரண்டே வருஷம். கட்டியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம்மவர்கள். ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசிலும் கிராணி வேலை பார்க்க வந்தவர்கள், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று யோசித்தார்கள்.

2014இல் அந்த நிலத்தில் 23 மாடி அடுக்குமாடி எழுப்பத் திட்டம் வந்தது. ஆசிரமம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸே கொதித்தது. கையெழுத்து வேட்டை, கூட்டம், பத்திரிகைச் செய்தி. அமைச்சர் வரை விஷயம் போனது. 2016இல் ஆசிரமம் பாரம்பரியச் சின்னமாகக் கெஜட்டில் அறிவிக்கப்பட்டது. மக்கள் ஜெயித்தார்கள்.

நானும் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு எத்தனை தடவை உள்ளே போனேன் என்று விரல் மடக்கிப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் நடத்தவும் சேவை செய்யவும் பணம் வேண்டாமா என்று அன்று ஆசிரமத்து அறங்காவலர்கள் கேட்டார்கள். திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. கெஜட் இடிப்பதைத் தடுக்கும். உடைந்த ஓட்டை ஏறி மாற்றாது. கோஷம் போட்டவர்களில் எத்தனை பேர் மாதம் பத்து வெள்ளி கொடுக்கத் தயார்?

இன்னொன்றும் கவனியுங்கள். ஆசிரமத்துக்காக வாதாடியபோது, எந்த வருஷம் கட்டியது, யார் கட்டியது என்று கேட்டவுடன் பதில் சொல்ல முடிந்தது. நம் தோட்டத்துக் கோயில்களுக்கு அது முடிகிறதா? தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போகும்போது, நிலப்பட்டா எங்கே என்கிறார்கள். பட்டா இல்லை. எப்போது கட்டியது என்கிறார்கள். 'தாத்தா காலத்துக் கோயில்' என்கிறோம். தாத்தா காலம் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வருஷம் கிடையாது.

2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி, ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, டத்தோவாகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் முன்மொழிகிறவர் கையில் ஏதாவது காகிதம் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

என் அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பொருளாளராக இருந்தார். ஒரு பிஸ்கட் டின் நிறையத் திருவிழா நோட்டீஸ், நன்கொடை ரசீது. யார் ஐம்பது காசு, யார் ஒரு வெள்ளி, எந்தத் தேதி, எல்லாம் அவர் கையெழுத்தில், ஊதா மையில். அப்பா காலமான வருஷம், தீபாவளிக்கு வீட்டைத் துடைத்தபோது அந்தக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் நான்தான் கொடுத்தேன். டின்னை மட்டும் வைத்துக்கொண்டேன், முறுக்குப் போட. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கோயிலுக்கு வழக்கு வந்தது. கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, 'உங்கப்பா எழுதி வெச்சிருப்பாரே' என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்ததைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் மண்டப வாசலில் இன்று ஒரு மேசை போட்டு நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்து இளைஞர் பிரிவுத் தம்பிகள் இரண்டு பேர் ஸ்கேனரோடு இருப்பார்கள். கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடப் படம், லயத்து வீட்டு முன்னால் நின்று எடுத்த கல்யாணப் போட்டோ, எது இருந்தாலும் அன்று இதே மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். சாப்பாட்டுக்குப் போகும் முன், என்ன இருக்கிறது என்று உங்கள் பெயரோடு அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.